சுங்கை சிப்புட்டில் புதுவீடு புகுவோருக்கு ஒரு தண்ணீர் வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டுக்கு வரும் சாலையில் சுண்ணாம்பு மலைகள் கூடவே வரும். செம்மோர் பக்கத்தில் கந்தான் மலை பாதி வெட்டுண்டு வெள்ளையாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், வீட்டுச் சாவியை வாங்கிய கையோடு என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமோ?" தமிழ்நாட்டிலிருந்து உணவகத்திலும் தொழிற்சாலையிலும் வேலைக்கு வரும் தம்பிகள் இன்னும் கவலையோடு கேட்பார்கள். வாளியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் பிடித்து, தலைமுடி கயிறாகிப்போகும் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

நான் இந்த வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழாய் வேலை செய்கிறேன். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். ஐந்து வீட்டுக்கு ஒரு பொதுக்குழாய் இருந்த காலத்தில், விடியும் முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுத்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேராக்கில் குழாய்க்கு வருவது பெரும்பாலும் ஆற்று நீர். நமக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே பிந்தாங் மலைத்தொடர். இரண்டும் முக்கியமாகக் கருங்கல் மலைகள். கருங்கல் தண்ணீரில் எளிதில் கரையாது. மழைநீர் அதன்மேல் ஓடி ஆற்றில் சேரும்போது அதில் கால்சியமும் மக்னீசியமும் குறைவாகவே இருக்கும். கடினம் என்று நாம் சொல்வது இந்த இரண்டு தாதுக்களின் அளவைத்தான். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 120 வரை நடுத்தரம், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. மலேசியச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தில் கடினத்துக்கு உச்ச வரம்பு 500. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்துக்கென்று உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. கடின நீர் சோப்பையும் பாத்திரத்தையும் ஹீட்டரையும் பாழாக்கும், ஆளைப் படுக்கையில் தள்ளாது.

ஆகவே இந்த ஊர்க் குழாய் நீரைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீர் இரும்பை அரிக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டுக் கசடைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்ப்பார்கள். அதோடு, நீரின் அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். நீங்கள் எதைக் கண்டு அஞ்சுகிறீர்களோ அதையே அங்கே அளந்து கலக்கிறார்கள், குழாய்கள் அரிக்காமல் இருப்பதற்காக. அப்படி அனுப்பிய நீர் உங்கள் வீட்டுப் பழைய இரும்புக் குழாயிலும் கழுவாத கூரைத் தொட்டியிலும் கெட்டுப்போவதைத்தான் நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

குடிபோவதற்கு முன்

வீடு பார்க்கப் போகும்போது குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாயில் அதை வையுங்கள். ஒட்டினால் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் பிளாஸ்டிக்காகவோ செம்பாகவோ இருக்கும். பழைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) ஜி.ஐ. இன்னும் நிறைய இருக்கிறது. வெளியே வெள்ளிபோல் பளபளக்கும். உள்ளே? சென்ற ஆண்டு ஒரு வீட்டில் அரை அங்குலக் குழாயை அறுத்தபோது, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சுற்றிலும் செம்மண் நிறத்தில் கறையான் புற்றைப்போல் துரு. விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வீட்டு அம்மா அதுவரை தண்ணீர் அனுப்புகிறவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

மீட்டர் வரை நீர் வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்காரரின் பொறுப்பு. வாடகைக்கு வருகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. குழாய் ஜி.ஐ. என்று தெரிந்தால், மாற்றித்தருவது யார் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். குடிபோன பிறகு பேசினால் அந்தப் பேச்சு ஓராண்டு இழுக்கும்.

அங்கேயே மீட்டரையும் ஒரு நிமிடம் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மீட்டரின் சிறு சக்கரம் சுழன்றால் எங்கோ கசிகிறது. அது பணத்துக்கு மட்டும் கேடு அல்ல. தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது கசிவு வழியாக வெளியிலுள்ள சேற்று நீர் உள்ளே இழுபடக்கூடும். கசியும் குழாய் சாக்கடை ஓரமாகப் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, எந்தக் குழாய்க்கு நேர்த் தண்ணீர், எந்தக் குழாய்க்குத் தொட்டித் தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மீட்டர் அருகிலுள்ள வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். சில நொடிகளில் நின்றுபோவது நேர்க் குழாய். தொடர்ந்து ஓடுவது கூரைத் தொட்டியிலிருந்து வருவது. பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் குழாய் நேர்க் குழாயாகவும் குளியலறை, கழிப்பறை தொட்டியிலிருந்தும் இருக்கும். ஆனால் வீட்டை விரிவாக்கிக் கட்டியவர்கள் பின்கட்டுச் சமையலறைக்குத் தொட்டியிலிருந்து இழுத்திருப்பார்கள். அந்த வீட்டில் சோறு வடிப்பது தொட்டித் தண்ணீரில்தான்.

முதல் நாள் காலையில்

முதல் இரவு கழிந்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன்பு, வெள்ளைக் கோப்பை ஒன்றில் சமையலறைக் குழாயின் முதல் நீரைப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு இன்னொரு கோப்பை. குளியலறைக் குழாயில் ஒன்று. மூன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கம்பக்கமாக வையுங்கள்.

முதல் கோப்பை மட்டும் பழுப்பாக இருந்து இரண்டாவது தெளிந்துவிட்டால், துரு உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது. இரவெல்லாம் தேங்கிய நீர் அதைக் கரைத்து வைத்திருக்கிறது. இரண்டுமே பழுப்பு என்றால் தெருக்குழாயில் கோளாறு. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் அவர் வீட்டிலும் அப்படியே இருக்கும். குளியலறைக் கோப்பை மட்டும் கலங்கியிருந்தால் ஏணியை எடுங்கள், தொட்டியைப் பார்க்க வேண்டும்.

பால்போல் வெண்மையாக வந்தால் பலர் திகைத்துப்போய்ச் சுண்ணாம்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் பொறுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, கெடுதல் இல்லை. மேலே தெளிந்து அடியில் ஏதாவது தங்கினால் அது கசடு. பாத்திரம் கழுவும் தொட்டியில் நீலப்பச்சைக் கறை படிந்தால் செம்புக் குழாய் அரிக்கிறது. குழாய் வாயில் கறுப்பாக வழவழவென்று படிந்தால் மாங்கனீசும் பாசியும் சேர்ந்திருக்கலாம். குழாய் வாயைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். குழாய் வாயில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

குளோரின் வாடை லேசாக வந்தால் நல்லது என்றே சொல்வேன். குடிநீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்க வேண்டும் என்று நம் நாட்டுத் தரம் சொல்கிறது. வழியில் கிருமி சேர்ந்தால் கொல்வதற்கான காவல் அது. வாடை பிடிக்காவிட்டால் பானையில் பிடித்து மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வையுங்கள், போய்விடும்.

கூரைத் தொட்டி

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். மூடி விலகிய தொட்டியில் செத்த பல்லியைப் பார்த்திருக்கிறேன், குருவிக் கூட்டைப் பார்த்திருக்கிறேன். அடியில் கைவிட்டால் விரல் நுனி மறையும் அளவுக்கு வண்டல், தொட்டால் சந்தனம்போல் வழுக்கும். அந்த நீரில்தான் பிள்ளைகள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மூடியில்லாத தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதாரத் துறையினர் புழுவைக் கண்டால் அபராதமும் வரும்.

குடிவந்த முதல் வாரத்தில் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒன்று, ஆண்டு நடுவில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

கழுவுவதற்கு முந்தின நாளே தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, இருக்கும் நீரைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கூரைக்குள் ஏறும்போது உத்தரத்தின் மேல் மட்டுமே காலை வையுங்கள், கூரைத் தட்டி ஆளைத் தாங்காது. கீழே ஒருவர் நிற்க வேண்டும், தனியாக ஏறாதீர்கள். அடியில் தங்கியதை வாளியில் அள்ளி, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அலசித் தீராது.

பிறகு கிருமி நீக்கம். வாசனை சேர்க்காத சாதாரண வெளுப்பான் போதும். குப்பியில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 விழுக்காடு என்று எழுதியிருந்தால், 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் என்ற கணக்கு. நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 100 கேலன் தொட்டி ஏறத்தாழ 455 லிட்டர் கொள்ளும். அதற்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, தொட்டியை நிரப்பி, எல்லாத் தொட்டிக் குழாய்களையும் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, முழுவதும் வடித்து, இரண்டு முறை அலசினால் போதும். அந்த ஒரு நாளில் அந்த நீரை யாரும் தொடக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, குழாய் மீது ஒரு துணியைக் கட்டிவையுங்கள். வெளுப்பானோடு வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும், அடைத்த கூரைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

கடினத்தை நீங்களே அளக்க

ஒருவர் சொன்னார் என்று நம்ப வேண்டாம், நான் சொன்னேன் என்றும் நம்ப வேண்டாம். மூன்று சோதனைகளை அடுக்களையிலேயே செய்துவிடலாம்.

ஒன்று, சவர்க்காரம். திரவ சோப்பு உதவாது, கட்டிச் சவர்க்காரத்தைச் சீவுங்கள். ஒரே அளவான இரண்டு போத்தல்களில், ஒன்றில் மழைநீர், மற்றதில் குழாய்நீர். சமமாகச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். இரண்டிலும் நுரை ஒரே உயரத்தில் நின்றால் உங்கள் நீர் மென்னீர். குழாய்நீரில் நுரை எழாமல் தயிர்த் திரிபோல் அழுக்கு மிதந்தால் கடினம்.

இரண்டு, துவரம் பருப்பு. கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கும், குழையவிடாது. பருப்பு வேகாத ஊர் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல. ஒரே பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குழாய்நீரிலும், இன்னொரு பிடி எடுத்து மழைநீரிலும், மூடாத பாத்திரத்தில் ஒரே தீயில் வேகவைத்துப் பாருங்கள். பழைய பருப்பு எந்த நீரிலும் வேகாது என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

மூன்று, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். புதுக் கேத்தலை ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். சிறு குமிழிகள் எழுந்தால் அது சுண்ணாம்புப் படிவு. நீரைக் கொதிக்கவைக்கும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட் பிரிந்து இப்படிப் படியும். கந்தகச் சேர்மங்களால் வரும் கடினம் கொதித்தாலும் போகாது. பழுப்பாகப் படிந்து குமிழி எழாவிட்டால் அது துரு.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் மீன் வளர்ப்புக் கடையில் கடினம் காட்டும் சோதனைத் தாள் கிடைக்கும். அதில் ஜெர்மன் டிகிரி என்று போட்டிருந்தால் 17.8-ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். பேனாபோல் இருக்கும் டி.டி.எஸ். கருவி கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மின்கடத்தலை வைத்துக் கணிக்கிறது. அது கடினத்தைத் தனியாகச் சொல்லாது, கிருமியைச் சொல்லவே சொல்லாது. என் வீட்டுச் சமையலறைக் குழாயில் அது இரண்டு இலக்கத்தைத் தாண்டியதில்லை. தேசியத் தரத்தின் வரம்பு 1,000.

வாசலில் வந்து சோதனை செய்துகாட்டுகிறவர்கள்

இதை நான் விரிவாகச் சொல்லியே தீர வேண்டும். என் அம்மா ஏமாந்த கதை இது.

அப்பா இறந்த ஆண்டு. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இருவர் வந்தார்கள், சுத்தமான சட்டை, அன்பான பேச்சு. "அம்மா, இலவசமாகத் தண்ணீரைச் சோதித்துச் சொல்கிறோம்" என்றார்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் எங்கள் குழாய்நீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த வடிகட்டிய நீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைப் போட்டார்கள். ஒரு நிமிடத்தில் எங்கள் நீர் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் சாக்கடைபோல் பழுப்புக் கட்டிகள் மிதந்தன. அவர்களுடைய நீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் இத்தனை ஆண்டு குடித்திருக்கிறீர்கள்" என்றார் ஒருவர். அப்பாவின் சிறுநீரக நோய்க்கு இந்தத் தண்ணீர்தான் காரணமோ என்று அம்மா அழுதார். மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) தவணையில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது அல்ல. அந்தக் கம்பி இரும்பு. தாது கலந்த நீரில் மின்சாரம் ஓடும்போது இரும்புக் கம்பியே கரைந்து, துருவாகிக் கட்டிகட்டியாகத் திரள்கிறது. அவர்கள் நீரில் தாது இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை. இதை உடைக்க ஒரு சிட்டிகை உப்புப் போதும். அடுத்த முறை வந்தால் அவர்களுடைய தெளிந்த நீரில் உப்பைப் போட்டு மறுபடியும் செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும்.

சொட்டு மருந்து விட்டு நீரை மஞ்சளாக்குவது இன்னொன்று. அது குளோரின் இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பிறகு வேறு குவளைக் குழாய்நீரில் உங்கள் கையை முக்கச் சொல்லிவிட்டு அதே மருந்தை விடுவார்கள். நிறம் மங்கலாகவே வரும். "பார்த்தீர்களா, விஷத்தைத் தோல் உறிஞ்சிவிட்டது" என்பார்கள். கையிலுள்ள அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்ந்து குளோரின் செலவானதால் நிறம் மங்கியது. கிருமியைக் கொல்ல அது செய்யும் வேலையைத்தான் அங்கேயும் செய்தது.

வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மனம் மாறினால், 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் பத்து வேலை நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம். அது முடிந்துபோனாலும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். எனக்கு அன்று இது தெரியாது. அம்மா கடைசித் தவணைவரை கட்டினார்.

வடிகட்டி வேண்டுமா, எது வேண்டும்

மேலே சொன்ன சோதனைகளுக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். நீர் தெளிவாக வந்து, கேத்தலில் ஒன்றும் படியாவிட்டால், கொதிக்கவைத்துக் குடித்தாலே போதும். நீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம். நம் அம்மாக்கள் காலங்காலமாகச் செய்வது சரியான செயல்தான்.

துருவும் மண்ணும் வந்தால், மீட்டருக்கு அடுத்து வெளியில் நிறுத்தும் மணல் வடிகட்டி உதவும். எவர்சில்வர் உருளையாகப் பல வீட்டு வாசலில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு விஷயத்தைக் கடைக்காரரிடம் அழுத்திக் கேளுங்கள், உள்ளே கரி இருக்கிறதா என்று. கரி குளோரினை உறிஞ்சிவிடும். காவல் போன நீர் கூரைத் தொட்டிக்குப் போய் வெயிலில் சூடேறி இரண்டு நாள் தேங்கினால் பாசியும் கிருமியும் வளரும். வீட்டு நுழைவில் மணல் மட்டும், கரி வேண்டுமானால் குடிக்கும் குழாயின் அடியில். பல கடைகள் இதை மாற்றிச் செய்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வாடிக்கையாளர் கேட்டாலும் நான் பொருத்துவதில்லை.

மணல் வடிகட்டியை வாரம் ஒரு முறை எதிர்த்திசையில் கழுவ வேண்டும். கைப்பிடியைத் திருப்பினால் கழிவுக் குழாயில் தேநீர் நிறத்தில் வரும். தெளியும்வரை ஓடவிட்டு, அலசும் நிலைக்குத் திருப்பி ஒரு நிமிடம் விட்டுப் பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். கரி உருளையைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் வைக்காமல் இருப்பதே மேல், அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும்.

உப்பைக் கொண்டு நீரை மென்மையாக்கும் கருவி இந்த ஊர்க் குழாய்நீருக்குத் தேவையில்லை. மென்னீரை மேலும் மென்மையாக்கிப் பயன் இல்லை, நீரில் சோடியம்தான் ஏறும். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கருவி எல்லாத் தாதுக்களையும் எடுத்துவிடும், பற்களுக்காகச் சேர்த்த ஃபுளோரைடையும் சேர்த்து. அதோடு ஒரு பகுதி நீரைக் கழிவாக விடும். கடினமான கிணற்று நீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சரி.

தண்ணீர் நின்று மறுபடி வரும்போது

குழாய் உடைந்தோ பராமரிப்புக்காகவோ தண்ணீர் நின்றால், முதலில் தொட்டிக்குப் போகும் வால்வை மூடுங்கள். மீண்டும் வரும் முதல் நீர் குழாய்ச் சுவரிலிருந்த துருவையெல்லாம் புரட்டிக்கொண்டு வரும். வால்வு திறந்திருந்தால் அத்தனையும் தொட்டியில் போய்ப் படியும். மீட்டருக்கு மிக அருகிலுள்ள வெளிக்குழாயைத் திறந்து, தெளியும்வரை ஓடவிட்டு, பிறகு தொட்டி வால்வைத் திறங்கள். கைப்பிடியை ஒரு சுற்றுத் திருப்பும் வேலைதான், ஆறு மாதக் கழுவலை மிச்சப்படுத்தும்.

அன்றைக்கு வெள்ளைத் துணியைத் துவைக்க வேண்டாம். பள்ளிச் சட்டையில் துருக்கறை பட்டுவிட்டால் வெளுப்பான் ஊற்றாதீர்கள், கறை நிலைத்துவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள்.

கிணறு, மலைத் தண்ணீர், ஈயக்குட்டை

ஊருக்கு வெளியே பழத்தோட்டத்திலோ கோயில் நிலத்திலோ கிணறு இருந்தால் இதுவரை சொன்ன கணக்கு மாறும். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய நீர் கடினமாகவே இருக்கும். ஈப்போ தவுகேயின் (முளைப்பயறு) பருமனுக்கும் நொறுநொறுப்புக்கும் சுண்ணாம்பு மலை நீர்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். குடிக்கப் பயன்படுத்துவதானால் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

மலையோரத்தில் குழாய் போட்டு இறக்கும் ஓடை நீர் கண்ணாடிபோல் இருக்கும், சுவையாகவும் இருக்கும். எலியும் காட்டுப்பன்றியும் அதே ஓடையில்தான் நடமாடுகின்றன. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரையே வாங்கியிருக்கிறது. கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். பழைய ஈயச் (வெள்ளீயச்) சுரங்கக் குட்டை நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கவே வேண்டாம். ஈயம் வெட்டிய மண்ணில் ஆர்செனிக் இருக்கக்கூடும், அது கொதித்தாலும் போகாது.

தோட்டத்துக்குள் வேலைக்காகத் தங்குகிறவர்களுக்கு ஒரு சொல். தொழிலாளர் குடியிருப்புக்கான 446-ஆம் சட்டம் 1990-இல் வந்தது. குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது அது. நீர் கலங்கி வந்தால் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகம் முதலில் அதைத்தான் கேட்கும்.

முறையிடுவதும் சோதனைக்கு அனுப்புவதும்

இரண்டு நாளுக்கு மேல் தெருவே பழுப்பு நீரைப் பிடித்தால் பேராக் நீர் வாரியத்தில் புகார் கொடுங்கள். வெள்ளைக் கோப்பையில் பிடித்த நீரின் படம், நேரம், மீட்டர் எண், இரண்டு அண்டை வீட்டாரின் முகவரி, இவ்வளவும் இருந்தால் பதில் விரைவாக வரும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே பேச்சில் உங்கள் தெருவுக்கு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் வருகிறது என்றும் கேட்டு வையுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தேசிய நீர்ச் சேவை ஆணையத்துக்குப் போகலாம்.

குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் காத்திருக்க வேண்டாம், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட் கோலாகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுகாதார அமைச்சு 1983 முதல் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. மாதிரி எடுப்பது அவர்களுக்கு வாடிக்கையான வேலை.

சொந்தச் செலவில் சோதிப்பதானால் ஈப்போவில் சோதனைக்கூடம் இருக்கிறதா என்று விசாரித்து, முதலில் போத்தலை அங்கிருந்தே வாங்கி வாருங்கள். கிருமிச் சோதனைக்கான போத்தல் கிருமி நீக்கியது, உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. குழாய்ச் சல்லடையைக் கழற்றி, வாயை நெருப்பிலோ வெளுப்பான் நனைத்த துணியிலோ சுத்தம் செய்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள், 24 மணி நேரம் கடந்தால் முடிவு செல்லாது. உலோகச் சோதனைக்கு மட்டும் மாறாக, விடியற்காலையில் ஓடவிடாத முதல் நீரைப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை எடுக்காதீர்கள். பெரும்பாலான கூடங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.